பெயரிழந்த கலம்

1990களில் யாழ்ப்பாணத்துத் தெருக்களில் மண்ணெண்ணெயில் ஓடிய மோட்டார் சைக்கிள்களை என் வயதொத்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். பொருளாதாரத் தடைக்காலம் அது. தொடக்கிவிடச் சில துளி பெற்றோல், பின்னர் மண்ணெண்ணெய். செய்தி தேடிச் சைக்கிளில் அலைந்த நானும் அந்தப் புகையைப் போதியளவு விழுங்கியிருக்கிறேன். அண்மையில் நெஞ்சுச் சளிக்காகப் போனபோது வைத்தியர் 'கிளாரா கலம்' என்றார். இப்போது அப்படி அழைப்பதில்லை என்று தாமே திருத்தியும் கொண்டார். பத்திரிகைக்காரனுக்கு அது போதாதா?

கலைப்பட்டதாரியான எனக்கு விளங்கிய அளவில் சொல்கிறேன். சுவாசக் குழாய் கிளைத்துக் கிளைத்து ஒரு மில்லிமீற்றருக்கும் குறைவாக ஒடுங்கும் இடத்தில் சுவரில் கசியிழையம் இல்லை. சளி சுரக்கும் கிண்ணக் கலங்களும் அருகிவிடுகின்றன. பிசிருள்ள கலங்களுக்கிடையே பிசிரற்ற, தலை உருண்டு மேலெழுந்த கலங்கள் தெரிகின்றன. இவை ஒரு புரதத்தைச் சுரந்து மேலணியைக் காக்கின்றன. மூச்சோடு வரும் நச்சுகள் சிலவற்றை முறிக்கின்றன. மேலணி சிதைந்தால் தாமே பெருகிப் பிசிர்க் கலங்களாகவும் மாறுகின்றன. மண்ணெண்ணெய்ப் புகையோடு மல்லுக்கட்டியவை இவைதாமோ என்னவோ!

1881இலேயே கொல்லிக்கர் இவற்றைக் குறித்திருந்தார். எனினும் 1937இல் விரிவாக எழுதிய மக்ஸ் கிளாராவின் பெயரே நிலைத்தது. லைப்சிக் பல்கலைக்கழகப் பேராசிரியரான அவர் நாசிக் கட்சி உறுப்பினர். அவர் நுணுக்குக்காட்டியில் பார்த்தது, மரணதண்டனை நிறைவேற்றப்பட்ட ஒரு கைதியின் சுவாசப்பை இழையம். இது வெளிச்சத்துக்கு வந்தபின், 2013 முதல் முன்னணிச் சுவாசநோய்ச் சஞ்சிகைகள் அப்பெயரைக் கைவிட்டு, வடிவத்தைக் கொண்டு 'கிளப் கலம்' என்றன. சரியான முடிவுதான். ஆனால் அப்போதும் பேச்செல்லாம் கிளாராவின் பெயரைப் பற்றியே. அந்தக் கைதியைப் பற்றியன்று.

வைத்தியரிடமிருந்து திரும்பும் வழியில் மானிப்பாய் கிறீன் ஞாபகார்த்த வைத்தியசாலையைக் கடந்தேன். 1847இல் அமெரிக்காவிலிருந்து வந்த சாமுவேல் பிஸ்க் கிறீன், 'அங்காதிபாதம்', 'சுகரணம்' என்ற சொற்களோடு மேலை மருத்துவத்தைத் தமிழிலேயே கற்பித்தவர். படித்தவர்கள் ஊரிலேயே தங்கி ஊராருக்கு வைத்தியம் செய்யவேண்டும் என்பது அவர் எண்ணம். அவர் முயற்சியால் கிறேயின் உடற்கூற்று நூல் 1872இல் தமிழில் வந்தது. கொல்லிக்கருக்கு முந்திய அந்நூலில் இக்கலத்துக்குப் பெயர் இருக்க வழியில்லை.

கிறீன் இருந்திருந்தால் என்ன சொல் ஆக்கியிருப்பார்? 'கதைக் கலம்' என்றால் கதை சொல்லும் கலம் என்றுதான் நம்மவர் நினைப்பர். அடுத்த முறை வைத்தியரிடம் 'தண்டாயுதக் கலம்' என்று சொல்லிப் பார்த்தேன். சிரித்துக்கொண்டே மருந்துச் சீட்டை ஆங்கிலத்தில் எழுதி நீட்டினார்.