வன்னித் துவக்கின் பிடங்கும் தொலைநோக்கியும்

வன்னியில் வேட்டைத் துவக்கு என்றால் பெரும்பாலும் இரண்டுதான். ஒன்று, வாய்வழியாக மருந்தும் சன்னமும் இட்டு இடித்து இறுக்கும் இடியன். மற்றது, கச்சேரியில் அனுமதிப்பத்திரம் எடுத்து வயற்காவலுக்கு வைத்திருந்த 12ஆம் இலக்கச் சொட்கன். ஒரு இறாத்தல் ஈயத்தை 12 சம உருண்டைகளாக்கினால் அதில் ஒன்று குழலுக்குள் சரியாகப் பொருந்தும்; இலக்கம் வந்தது அப்படித்தான். தொலைநோக்கி பூட்டிய வேட்டைத் துவக்கை நெடுங்கேணிப் பக்கத்திலோ துணுக்காயிலோ நான் கண்டதில்லை. காசில்லாதது மட்டும் காரணமல்ல, காடும் அப்படி.

மோட்டைக் கரையிலும் வயற்பரணிலும் பன்றி வருவது இருட்டில், மிகக் கிட்டவாக. எஸ்.ஜி. தோட்டாவின் 9 சன்னங்கள் 40 யாருக்கு அப்பால் சிதறிவிடும். அந்தத் தூரத்துக்குத் தொலைநோக்கி உதவாது, பார்வையைத்தான் குறுக்கும். அதற்குப் பதிலாக எங்கள் ஆட்கள் குழலோடு பட்டரி டோர்ச்சைக் கவ்வி போட்டு இறுக்கினார்கள். கவ்வி இல்லாதவர் சைக்கிள் ரியூப்பைக் கீலமாக வெட்டிக் கட்டினார். வெளிச்சத்தின் நடுவில் கண் இரண்டும் தெரிந்தால் போதும்.

பிடங்கைப் பற்றித்தான் கூடச் சொல்ல வேண்டும். பழைய ஆங்கிலேய இரட்டைக்குழல் துவக்குகளில் பிடங்கின் கழுத்து நேராக இருக்கும். விசை இரண்டு, முதல் வெடிக்குப் பின் கை சற்றுப் பின்னுக்கு வழுக்கி மற்ற விசையைப் பிடிக்க அந்த நேர்க்கழுத்து வசதி. ஒற்றை விசைத் துவக்குகளில் கழுத்தைக் கீழே வளைத்து, கை நிறைய உறுதியாகப் பிடிக்கும்படி செய்தார்கள். பிடங்கின் நீளம் பொருந்துகிறதா என்று பார்க்க, அதன் அடியை முழங்கை மடிப்பில் வைத்துப் பார்ப்பார்கள். சுட்டுவிரல் விசைக்கு எட்ட வேண்டும். வெள்ளைக்காரரின் நீண்ட கைக்கு அளந்த பிடங்கு எங்கள் கமக்காரரின் கமக்கட்டில் தடக்கும். அடியை ஒரு அங்குலம் அறுத்த துவக்குகளைப் பார்த்திருக்கிறேன். உடைந்த வால்நட் பிடங்குக்குப் பதிலாக முதிரையில் செதுக்கியதும் உண்டு. பாரம்தான், ஆனால் பாரமான துவக்கு தோளில் குறைவாக உதைக்கும். நுவரெலியாவில் குடியிருந்து யானை சுட்ட சாமுவேல் பேக்கரின் பெரிய துவக்கு 21 இறாத்தல்!

தொலைநோக்கி ஐரோப்பியத் திறந்த வெளி வேட்டைக்கு உரியது. ஜேர்மன் வேட்டைத் துவக்குகளில் நகம்போன்ற கொளுவிகளால் அதைப் பூட்டிக் கழற்றுவார்கள். சிக்கல் என்னவென்றால், பழைய பிடங்குகள் இரும்புக் குறிக்கு ஏற்பத் தாழ்ந்தவை. மேலே தொலைநோக்கி ஏறியதும் கண் உயர வேண்டும், கன்னம் மரத்தை விட்டு எழும்பும். ஆகவே பிடங்கின் முதுகை உயர்த்தினார்கள். இரண்டாம் உலகப் போரில் லீ என்பீல்ட் றைபிளின் இடப்பக்கத்தில் தாங்கி பூட்டி, பிடங்கில் கன்னத்துக்கு ஒரு மரக்கட்டையும் திருகினார்கள். போர்க்காலத்தில் நாம் பெயர் கேட்ட டிராகுனோவிலும் தொலைநோக்கித் தாங்கி இடப்பக்கம்தான். பிடங்கில் பெருவிரல் நுழைய ஓட்டை, கன்னத்துக்கு மெத்தை.

மீளக்குடியேறிய காணியில் மண் வெட்டும்போது துருப்பிடித்த குழல் ஒன்று தென்பட்டால் பலருக்கும் நெஞ்சு பதறுகிறது. கறையான் மரத்தைத் தின்றிருக்கும். அது அப்புவின் சொட்கனா போர்த் துவக்கா என்று அறிய ஆசைப்பட்டுத் தூக்க வேண்டாம். உள்ளே தோட்டா இருக்கலாம், அருகில் வேறு வெடிபொருளும் இருக்கலாம். அடையாளம் வைத்துவிட்டு, வந்த தடத்தாலேயே திரும்பிப் பொலிசுக்கோ கண்ணிவெடி அகற்றுவோருக்கோ சொல்லுங்கள். அனுமதிப்பத்திரத்தில் எழுதப்படுவது இரும்பில் பொறித்த இலக்கம். மரம் போனாலும் அது நிற்கக்கூடும். பழைய பத்திரம் கைவசம் இருந்தால் பத்திரப்படுத்துங்கள். அனுமதியில்லாத துவக்கை வைத்திருப்பது 1916ஆம் ஆண்டின் சுடுகலன் கட்டளைச் சட்டப்படி குற்றம், அது பாட்டனுடையதாக இருந்தாலும்.

சொட்கன் இல்லாத இடத்தில் இப்போது கட்டுத்துவக்கு வந்திருக்கிறது. அதற்குத் தோளும் வேண்டாம், கண்ணும் வேண்டாம். பன்றித் தடத்தின் குறுக்கே கம்பி தட்டுப்பட்டால் வெடிக்கும். தேனெடுக்கப் போனவருக்கும் மாடு தேடிப் போனவருக்கும் அது காலில்தான் படும். காட்டுத் தடத்தில் குறுக்குக் கம்பி கண்டால் தொடவோ வெட்டவோ வேண்டாம், தாண்டவும் வேண்டாம். பின்னால் வருபவரை நிறுத்தி, கிராம அலுவலருக்கும் பொலிசுக்கும் இடத்தைச் சொல்லுங்கள்.