பறம்பில் கபிலர் கண்ட உறவு

சென்னை பெசன்ட் நகரில் உள்ள டாக்டர் உ.வே. சாமிநாதையர் நூல் நிலையம், ருக்மிணி தேவி அருண்டேலின் முயற்சியால் 1943-ஆம் ஆண்டு அடையாற்றில் தொடங்கப்பெற்றது. ஐயர் ஊர் ஊராக அலைந்து திரட்டிய ஓலைச்சுவடிகள் அங்கே காக்கப்படுகின்றன. அவ்வுழைப்பின் பெரும் பயன்களுள் ஒன்று, 1894-இல் அச்சேறிய புறநானூறு.

அந்நூல் வெளிவருவதற்கு முன்பும் தமிழ் மக்கள் பாரியை அறிந்தேயிருந்தனர். கொடாத செல்வனைப் பாரி என்று புகழ்ந்தாலும் அவன் கொடுக்கமாட்டான் என்னும் கருத்தைச் சுந்தரர் தம் தேவாரத்தில் பாடியிருக்கிறார். ஆனால் அந்தப் பாரி, கொடைக்கு வழங்கிய ஒரு பெயர் மட்டுமே. அவனுடைய மலை எத்தகையது, அதில் வாழ்ந்த குடிகள் எதை உண்டனர், எதை விளைத்தனர், வெளியூர்ப் புலவர் ஒருவர் அவர்களுள் ஒருவராக எவ்வாறு ஆனார் என்னும் செய்திகள் சுவடிகளுக்குள் உறங்கின. புறநானூறு அச்சான பிறகே கொடையாளி பாரியோடு நண்பன் பாரியும் தமிழர்க்குக் கிடைத்தான்.

புறநானூற்றில் நட்பின் பெருமைக்கு எடுத்துக்காட்டாகும் இணைகள் பல. பிசிராந்தையாரும் கோப்பெருஞ்சோழனும் ஒருவரையொருவர் காணாமலே நண்பராயினர். சோழன் வடக்கிருந்தபோதுதான் புலவர் வந்து சேர்ந்தார். அது உணர்ச்சி ஒன்றினாலேயே வளர்ந்த நட்பு. கபிலர்–பாரி நட்பின் இயல்பு வேறு. இருவரும் ஒரே மலையில், ஒரே உணவை உண்டு, பல ஆண்டு உடன் வாழ்ந்தனர். முன்னது உயர்ந்ததா பின்னது உயர்ந்ததா என்று வழக்காட வேண்டியதில்லை. ஆயினும், ஓர் ஊரோடு உறவு பூண்பது எப்படி என்று அறிய விரும்புவோர்க்குக் கபிலரின் வாழ்வே சான்றாகும்.

கபிலர் பிறந்தது மதுரையை அடுத்த திருவாதவூர் என்பது மரபு. தாம் அந்தணர் என்பதைத் தம் பாட்டிலேயே அவர் கூறிக்கொள்கிறார். பறம்பு மலையை இன்றைய சிவகங்கை மாவட்டத்துப் பிரான்மலை என்று அறிஞர் கொள்வர். சம்பந்தர் பாடிய திருக்கொடுங்குன்றம் என்னும் தலமும் அதுவே. முந்நூறு ஊர்களை உடையது பறம்பு நாடு என்று கபிலர் கணக்கிடுகிறார். சேர சோழ பாண்டியரின் நாடுகளோடு ஒப்பிட்டால் அது மிகச் சிறிய மலைநாடு. அதன் தலைவன் முடிவேந்தன் அல்லன், வேளிர் குடியினன்.

புலவர்கள் வள்ளல்களை நாடிச் செல்வதும், பரிசில் பெற்று அடுத்த வாயிலுக்குப் போவதும் அக்கால வழக்கம். கபிலர் பறம்பிலேயே தங்கிவிட்டார். அவ்வாறு தங்கியதால் அவர் பெற்றது இன்னதென்பதை அவர் பாடிய பறம்புப் பாட்டுகளே காட்டுகின்றன. குறவர் மகள் அடுப்பில் இட்ட சந்தனக் கட்டையின் புகை, மலைச்சாரலில் பூத்து நிற்கும் வேங்கையில் பரவுவதை அவர் பார்த்திருக்கிறார். நகரத்தார்க்குச் சந்தனம் பூசுபொருள். குறத்திக்கு அது விறகு. இந்த வேறுபாடு அடுப்பருகே நின்று அறியத்தக்கது. கார்காலத்து முதல் மழையில் செம்புற்றிலிருந்து எழும் ஈசலைப் புளித்த மோரோடு சேர்த்துச் சமைத்த உணவையும் அவர் பாடுகிறார். எரித்துத் திருத்திய கொல்லையில் பலமுறை உழுது வரகு விதைப்பதும், களை பறிப்பதும், தினையும் எள்ளும் அவரையும் அடுத்தடுத்து விளைவதும், நிலத்தில் புதைத்து முதிர வைத்த கள்ளைப் புல்வேய்ந்த குடில்தோறும் பகிர்ந்துகொள்வதும் அவருக்குப் பழக்கமானவை.

அவருடைய உணவும் மலையின் உணவே. ஆட்டுக்கறியும் சோறும் கள்ளும் குறையாது கிடைத்த பறம்பின் வாழ்வை அவர் பின்னாளில் நினைந்து வருந்துகிறார். சேரமன்னன் ஒருவன் அவர் கையைப் பற்றி, இஃது இத்துணை மென்மையாக இருப்பதேன் என்று வினவியபோது, ஊனும் சோறும் உண்டு வருந்துவதைத் தவிர வேறு தொழில் அறியாத கை இது என்று விடை கூறுகிறார். பிறப்பால் வந்த வேலி அவருடைய உண்கலத்தைச் சுற்றி நிற்கவில்லை.

மூவேந்தரும் பறம்பை முற்றுகையிட்டபோது கபிலர் அவர்களை நோக்கிப் பாடிய பாட்டுகள் அரசியல் அறிவும் எள்ளலும் நிறைந்தவை. உழவர் உழாமலே மூங்கில் நெல்லும் பலாவும் வள்ளிக்கிழங்கும் தேனும் ஆகிய நான்கும் தரும் மலை இது. மரந்தோறும் யானையைக் கட்டினாலும் வயல்தோறும் தேரை நிறுத்தினாலும் வாளால் இதனைப் பெற இயலாது. யாழ் மீட்டி, விறலியர் பின்வர, ஆடியும் பாடியும் சென்றால் அவன் நாட்டையும் மலையையும் ஒருங்கே தந்துவிடுவான் என்கிறார். வேந்தர்க்கு இதைவிடப் பெரிய இழிவு உண்டோ? பறம்பின் கொல்லையுழவை நன்கறிந்த புலவர், உழாமல் கிடைக்கும் நான்கை மட்டும் ஈண்டு எண்ணிக் காட்டுவது கருத்தோடு செய்ததாகும். முற்றுகை எத்தனை நாள் நீண்டாலும் உள்ளிருப்போர் பட்டினி கிடக்கமாட்டார் என்று பகைவர்க்கு உணர்த்துவதே அதன் நோக்கம். அம்முற்றுகைக் காலத்தில் பறவைகள் வெளியிலிருந்து நெற்கதிர் கொண்டுவந்ததையும், அதன் பின்னே கபிலரின் சூழ்ச்சித்திறன் இருந்ததையும் நக்கீரர் அகநானூற்றில் குறிக்கிறார்.

மற்றொரு பாட்டில், முந்நூறு ஊரையும் பரிசிலர் முன்னரே பெற்றுக்கொண்டனர், எஞ்சியிருப்பவை மலையும் பாரியும் தாமுமே என்று அவர் கூறுகிறார். பகைவர் முன்னிலையில், இழக்கவிருக்கும் பொருள்களின் பட்டியலில் தம்மையும் ஒன்றாகச் சேர்த்துக்கொள்கிறார். பரிசில் பெற வந்தவர் ஒருவர், கொடுக்கப்படும் பொருளாகத் தம்மையே எண்ணும் நிலை அது. புலவர்–புரவலர் என்னும் எல்லையைக் கபிலர் கடந்துவிட்டதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டியதில்லை.

பாரி வீழ்ந்தான். அந்த ஒரு திங்களின் இடைவெளியை அவன் மகளிர் பாடிய ஐந்தடிப் பாட்டு இன்றும் உள்ளத்தை உருக்குவது. மகளிரை அழைத்துக்கொண்டு கபிலர் மலையை விட்டு இறங்குகிறார். கண்ணீரோடு திரும்பித் திரும்பிப் பார்த்து, கைதொழுது விடைபெறுகிறார். இங்கே நிற்பவர்க்கும் மலை தெரிகிறது, சிறிது தொலைவு சென்று நிற்பவர்க்கும் தெரிகிறது என்று வியப்பும் துயரமும் கலந்து சொல்கிறார். எட்டாம் நாள் பிறைபோல் வளைந்த கரையையுடைய சிறுகுளம் காப்பாரின்றி உடைவதை நினைந்து கலங்குகிறார். அரசு போயிற்றே என்று அழுவதோடு குளத்தின் கரை உடைகிறதே என்றும் அழுவது அவ்வூரைச் சேர்ந்தவன் அழும் அழுகையாகும். மலையுச்சியில் நின்று பகைவேந்தரின் குதிரைகளை எண்ணிய பெண்கள், இப்பொழுது முள்வேலி சூழ்ந்த சிறுகுடிலின் குப்பைமேட்டில் ஏறி உமணரின் உப்பு வண்டிகளை எண்ணுகின்றனர் என்னும் காட்சி அவர் கண்ணில் பட்ட வேதனையின் உச்சம்.

அப்பெண்களின் பெயர் அங்கவை, சங்கவை என்று பிற்கால மரபு கூறும். சங்கப் பாட்டுகளில் அப்பெயர்கள் இல்லை. அவர்களை மணந்துகொள்ளுமாறு விச்சிக்கோவிடமும் இருங்கோவேளிடமும் கபிலர் வேண்டுகிறார். இருங்கோவேளிடம் அவர் தம்மை அறிமுகம் செய்யும் முறை நினைவிற் கொள்ளத்தக்கது. இவர்களின் தந்தைக்கு யான் தோழன்; ஆதலால் இவர்கள் என் மகளிர் என்கிறார். குருதியுறவு ஒன்றுமில்லாத அந்தணப் புலவர், மலைவேளிர் குலத்துப் பெண்களுக்குத் தந்தை நிலையில் நின்று மணம் பேசுகிறார். மறுப்பும் அவமதிப்புமே அவருக்குக் கிடைத்தன. இருங்கோவேளின் முன்னோர் காலத்தில் அரையம் என்னும் மூதூர் அழிந்தது புலவரை இகழ்ந்ததன் விளைவே என்று சினந்துரைத்து அவர் திரும்புகிறார்.

சேரமான் செல்வக் கடுங்கோ வாழியாதனையும் கபிலர் பாடினார். பதிற்றுப்பத்தின் ஏழாம் பத்து அவருடையது. பரிசிலாக நூறாயிரம் காணமும், நன்றா என்னும் குன்றின்மேல் நின்று கண்ணுக்கெட்டிய நாடும் அவர் பெற்றதாகப் பதிகம் கூறுகிறது. அத்துணைப் பெருமன்னன் அவைக்கு வந்தபோதும், பாரி மீளா உலகம் சென்றுவிட்டான், காப்பாற்றுக என்று இரந்து யான் வரவில்லை என்பதே அவர் முதற்பாட்டின் செய்தி. பறம்பில் தமக்குக் கிடைத்ததை வேறெங்கும் பெற இயலாது என்பதை அவர் அறிந்திருந்தார்.

அவர் முடிவு பற்றி இரு செய்திகள் வழங்குகின்றன. பாரி மகளிரைப் பார்ப்பாரிடத்து ஒப்படைத்துவிட்டு வடக்கிருந்து உயிர்நீத்தார் என்பது புறநானூற்றுப் பாட்டின் அடிக்குறிப்பு. பாரி மகளை மலையமானுக்கு மணம் செய்வித்துப் பெண்ணையாற்றுப் பாறையருகே தீப்புகுந்தார் என்பது திருக்கோவலூர் வீரட்டானேசுவரர் கோயிலில் உள்ள முதலாம் இராசராசன் காலத்துக் கல்வெட்டுச் செய்தி. ஆற்றின் நடுவே உள்ள அப்பாறை கபிலர் குன்று என்று இன்றும் வழங்குகிறது. பிரான்மலைக்கும் திருக்கோவலூருக்கும் நேர்க்கோட்டிலேயே ஏறத்தாழ 200 கிலோமீட்டர் இடைவெளி. செய்திகள் இரண்டும் விவரத்தில் மாறுபடினும் ஒன்றில் உடன்படுகின்றன. நண்பனின் மகளிர்க்கு ஓர் இடம் தேடித் தந்த பின்னரே அவர் இறந்தார். நண்பனோடு உடன் இறப்பது எளிது. அவன் விட்டுச்சென்ற பொறுப்பை முடிக்கும்வரை உயிரோடு இருப்பது அரிது. கபிலர் அரியதைச் செய்தார்.

அவர் இறுதிப் பாட்டில் பாரியின்மேல் ஒரு மனத்தாங்கல் இருக்கிறது. பல ஆண்டு பேணிய நீ, உடன்வர விடாது, இங்கே இரு என்று கூறி என்னை விட்டுச் சென்றாய். அது நம் நட்புக்குப் பொருந்துவதன்று. ஆயினும் இப்பிறவியில் கூடியிருந்தது போலவே மறுமையிலும் நம்மை ஊழ் கூட்டுக என்பது அதன் கருத்து. இத்துணைத் துயரத்திற்கு நடுவிலும் அப்பாட்டின் தொடக்கம் மலையின் உணவைப் பற்றியே பேசுகிறது. குரங்கு கிழித்து உண்ட முழவு போன்ற பலாப்பழத்தின் மிச்சம், வில்லேந்திய குறவர்க்குச் சில நாள் உணவாகும் என்று அவர் நினைவுகூர்கிறார். சாகும் தறுவாயில் இருப்பவர் நண்பனை விளிக்கும்போதே அவன் மலையின் குறவரையும் மறக்கவில்லை. பாரியின் நட்பு வேறு, பறம்பின் உறவு வேறு என்று அவர் பிரித்துப் பார்க்கவில்லை.

ஜார்ஜ் ஹார்ட்டும் ஹாங்க் ஹைஃபெட்சும் 1999-இல் வெளியிட்ட ஆங்கில மொழிபெயர்ப்பின் வழியே இப்பாட்டுகள் கடல் கடந்தன. சு. வெங்கடேசனின் வேள்பாரி நாவல் ஆனந்த விகடனில் தொடராக வந்தபோது சென்னை வாசகர் வீடுதோறும் பறம்பின் பெயர் மீண்டும் ஒலித்தது. முல்லைக்குத் தேர் ஈந்த செய்தியே பாரியின் பெயரோடு முதலில் நினைவுக்கு வருகிறது. அந்தத் தேரைவிடப் பெரிய கொடை ஒன்றைப் பறம்பு மக்கள் தந்தனர். வழிப்போக்கராக வந்த ஒருவரைத் தம்மவர் என்று ஏற்றனர். நிழலற்ற நெடுவழியில் நிற்கும் தனிமரத்துக்குப் பாரியின் நாட்டைக் கபிலர் ஒப்பிட்டார். அம்மரம் வீழ்ந்த பின், அதன் நிழலில் வளர்ந்த மகளிர்க்கு அவரே நிழலாக நின்றார். உண்ட சோற்றுக்குப் புலவர் செய்யும் கைம்மாறு பாட்டோடு முடிவதில்லை என்பதைக் கபிலரின் வாழ்வு தமிழ்ப் புலவர்க்கு விட்டுச்சென்றது.