சிறுநீரகத்தின் மௌனம்

இதயம் துடிப்பதை நாம் உணர்கிறோம்; வயிறு பசிப்பதையும் உணர்கிறோம். சிறுநீரகங்களோ அல்லும் பகலும் குருதியைத் தூய்மை செய்துகொண்டே வாய் திறவாதிருக்கின்றன. நலிவுற்ற பின்னரும் அவை நெடுநாள் மௌனம் காக்கின்றன. அம்மௌனத்தின் பொருளை மனிதன் உணர்ந்த வரலாறு இது.

1827-ஆம் ஆண்டில் இலண்டன் கய் மருத்துவமனையின் ரிச்சர்டு பிரைட் என்னும் மருத்துவர் ஒரு நூலை வெளியிட்டார். உடல் வீங்கி மாண்டோர் பலருடைய சிறுநீரகங்கள் சிதைந்திருந்ததை அவர் கண்டார். அத்தகைய நோயாளரின் சிறுநீரைக் கரண்டியில் ஏந்திச் சுடரில் காய்ச்சியபோது, அது முட்டை வெண்கரு போல உறைந்தது. அதில் கலந்திருந்தது ஆல்புமின் என்னும் புரதம். நோயை அறிய வழி பிறந்தது. தீர்க்க வழி பிறக்கவில்லை.

அடுத்து வேதியியலார் வந்தனர். தசைகளில் உண்டாகும் கழிவுப்பொருள்களுள் ஒன்று கிரியேட்டினின். நலமுள்ள சிறுநீரகம் அதனை வடித்து வெளியேற்றும். நலிந்தால் அது குருதியில் தேங்கும். காரம் சேர்த்த பிக்ரிக் அமிலத்தோடு கிரியேட்டினின் கூடினால் செந்நிறம் தோன்றுமென 1886-இல் மாக்ஸ் யாஃபே காட்டினார். 1904-இல் ஆட்டோ ஃபோலின் அந்நிறத்தைக் கொண்டே அதன் அளவைக் கணிக்கும் முறையை வகுத்தார். நோயின் கடுமையை எண்ணால் சொல்ல முடிந்தது. நோயாளியோ மாண்டுகொண்டுதான் இருந்தார்.

நெதர்லாந்தின் கம்பன் நகரில், நாட்டை அயலார் படை ஆண்டிருந்த 1943-இல், வில்லெம் கோல்ஃப் செல்லோஃபேன் குழாயை மர உருளையில் சுற்றி ஒரு செயற்கைச் சிறுநீரகத்தைச் சமைத்தார். முதலில் சிகிச்சை பெற்றோரில் பெரும்பாலோர் பிழைக்கவில்லை. அவர் சோர்ந்துவிடவில்லை. 1945-இல் நினைவிழந்து கிடந்த 67 வயது மூதாட்டி ஒருவர் கண் விழித்தார். நோயாளிக்கு மீண்டும் மீண்டும் இச்சிகிச்சை அளிக்கும் வழியை 1960-இல் அமெரிக்காவின் சியாட்டில் நகரில் பெல்டிங் ஸ்கிரிப்னர் கண்டார்.

ஆனால் 1962-இல் அங்குத் திறந்த நிலையத்தில் இயந்திரங்கள் மிகச் சிலவே இருந்தன. நோயாளருள் எவருக்குச் சிகிச்சை என்று முடிவு செய்யக் குடிமக்கள் குழு ஒன்று அமர நேர்ந்தது. இடம் கிடைக்காதவருக்கு மரணமே எஞ்சியது.

மாணவர்களே, இவ்வரலாறு நமக்கு ஓர் எச்சரிக்கை. குருதியில் கிரியேட்டினின் மிகுவதும் பலரிடம் காலந்தாழ்ந்தே தெரிகிறது. வடிக்கும் ஆற்றலில் ஏறக்குறையப் பாதி குறைந்த பின்னரே அளவு எல்லையைக் கடப்பதுண்டு. ஆதலின் நீரிழிவும் இரத்த அழுத்தமும் உடையோர் குருதியோடு சிறுநீரையும் காலமுறையில் சோதித்துக்கொள்ளுதல் வேண்டும். பிரைட் தம் கரண்டியில் கண்ட அந்த ஆல்புமினைத்தான் இன்றைய ஆய்வுக்கூடமும் முதலில் தேடுகிறது. அன்று அறிந்தும் காக்க இயலவில்லை. இன்று காக்க இயலும், உரிய காலத்தில் அறிந்தால்.