கண்ணாடி பூட்டிய 135: ரேஞ்ச்ஃபைண்டர் கேமராவில் குறுந்தொலை லென்ஸ் தேர்வு குறித்த ஒரு மறுவாசிப்பு

ரேஞ்ச்ஃபைண்டர் கேமராவுக்குக் குறுந்தொலை லென்ஸ் தேர்வதை முகத்தோற்றம் சார்ந்த சிக்கலாகவே முன்னைய ஆய்வாளர்கள் கண்டனர். 75 மி.மீ. போதுமா, 90 வேண்டுமா என்பதோடு அவர்கள் வாதம் முடிந்தது. அந்த லென்ஸைக் கேமராவால் துல்லியமாகக் குவிக்க முடியுமா என்பதே முதற்கேள்வி என்கிறது இக்கட்டுரை.

இதற்குரிய சான்று, 1963-இல் லைக்கா வெளியிட்ட 135 மி.மீ. எஃப்/2.8 எல்மாரிட். கேமராவின் சாளரங்களுக்கு முன் நிற்கும் கண்ணாடி இணைப்பு அதில் உண்டு. அது காட்சியை 1.5 மடங்கு பெரிதாக்கி, 90-க்கான சட்டக்கோட்டையே 135-க்கு உரியதாக்குகிறது. எம்2 கேமராவில் 135-க்குக் கோடு இல்லாத குறையைத் தீர்க்கவே இந்த இணைப்பு வந்தது என்பது நிலைபெற்ற கருத்து. 35-க்குக் கோடில்லாத எம்3-க்கென வந்த 35 மி.மீ. லென்ஸ்களிலும் கண்ணாடி இருந்ததால் அக்கருத்து வலுப்பெற்றது.

ஆனால் 1960-இன் எல்மாரும் 1965-இன் டெலி-எல்மாரும் 135 மி.மீ. லென்ஸ்களே, இரண்டும் எஃப்/4. இரண்டிலும் கண்ணாடி இல்லை. எம்2-வின் குறை அவற்றுக்கும் உண்டல்லவா? எல்மாரிட்டைப் பிரித்துக் காட்டுவது அதன் துளை அகலமே.

குவியத்தூரத்தைத் துளையின் விட்டத்தால் பெருக்கி, ரேஞ்ச்ஃபைண்டரின் பயன்தரு அடித்தளத்தால், அதாவது அதன் இரு சாளரங்களின் இடைவெளியை உருப்பெருக்கத்தால் பெருக்கிய அளவால், வகுத்தால் குவிப்பின் சுமை ஓர் எண்ணாகக் கிடைக்கும். எம்3-இன் அடித்தளம் 68.5 மி.மீ.; 0.91 உருப்பெருக்கத்தால் அது ஏறத்தாழ 62 ஆகிறது. அதில் எஃப்/4 லென்ஸின் சுமை 73. கண்ணாடி இல்லாத எஃப்/2.8-க்கு அது 104; கண்ணாடி பயன்தரு அடித்தளத்தையும் 1.5 மடங்காக்குவதால், அதனோடு 70. வேகமான லென்ஸின் சுமையை மெதுவான லென்ஸின் அளவுக்கே கண்ணாடி இறக்கிவிடுகிறது. இதைத் தற்செயல் என்று கொள்ள எனக்கு மனம் வரவில்லை.

இந்த எண் கண்ணின் கூர்மையையோ கேமராவின் சீரமைப்பையோ அளப்பதில்லை. லென்ஸ்களை ஒப்பிட மட்டுமே உதவும். 1973-இன் லைக்கா சிஎல், 90 எஃப்/4 லென்ஸில் 107 வரை ஏற்றதே என்பார்கள். அளவும் விலையும் குறைய வேண்டும் என்று பிறந்த கேமரா அது. அதைக் கொண்டு நியதி வகுக்க முடியாது. டிஜிட்டல் கேமராவின் திரையில் பார்த்துக் குவிக்கலாம் என்போர் ரேஞ்ச்ஃபைண்டரை விட்டே விலகிவிடுகின்றனர்.

75, 90 பற்றிய பழைய வாதமும் இங்கே நிலைகுலைகிறது. 0.72 உருப்பெருக்கமுள்ள எம்2, எம்6 போன்றவற்றில் பயன்தரு அடித்தளம் ஏறத்தாழ 50. அங்கே 90 எஃப்/2-வின் சுமை 81. 1980-இல் வந்த 75 எஃப்/1.4 சம்மிலக்ஸின் சுமை 80. குவியத்தூரம் குறைந்ததால் குவிப்பு எளிதாகிவிடவில்லை. இரண்டுமே, கண்ணாடியிட்டுத் தயாரிப்பாளரே பேணிய எல்லையைக் கடந்தவை. 90 எஃப்/2.8-இன் சுமையோ 58. ஆகவே எம்3 வைத்திருப்பவர் 90 எஃப்/2-வைத் தயங்காமல் வாங்கலாம், 0.72 கேமராக்காரருக்கு உரிய குறுந்தொலை லென்ஸ் 90 எஃப்/2.8.