பில்ஜ் பம்ப்: சிங்கப்பூர்ச் சிறுபடகுகளில் பழுதும் மாற்றமும்

படகின் அடிவயிற்றில், தளப்பலகைக்குக் கீழே தேங்கும் தண்ணீரை வெளியே இறைக்கும் கருவி பில்ஜ் பம்ப். சிங்கப்பூரின் சிறு உல்லாசப் படகுகளில் பெரும்பாலும் இருப்பது 12 வோல்ட் பேட்டரியில் ஓடும், தண்ணீருக்குள்ளேயே கிடக்கும் உள்ளங்கையளவுப் பம்ப். விலையும் குறைவு, கண்ணிலும் படாது. அது நின்றுபோன செய்தி, படகு பாதி அமிழ்ந்த பிறகே பல உரிமையாளர்களை எட்டுகிறது. பழுது என்றவுடன் பம்பைக் கழற்றி எறிந்து புதிது மாட்டுவது வழக்கமாகிவிட்டது. உண்மையில் மோட்டார் எரிந்துபோவதைவிட, குப்பை அடைத்த வடிவலை, சிக்கிக்கொண்ட மிதவை (தண்ணீர் ஏறும்போது பம்பைத் தானாக ஓடவிடுவது), பச்சை பிடித்த கம்பி முனை ஆகியவையே அதிகமாகக் காலை வாரிவிடுகின்றன. புதுப் பம்ப் இவற்றில் எதையும் சரிசெய்வதில்லை.

கையால் இறைத்த காலம்

1819க்குப் பின் சிங்கப்பூர் ஆற்றில் கப்பலுக்கும் கரைக்கும் இடையே சரக்கு ஏற்றி இறக்கிய படகுத் தொழில், முதலில் சோழமண்டலக் கரையிலிருந்து வந்த சூலியாக்கள் எனப்படும் தமிழ் முஸ்லிம்களின் கையில் இருந்தது. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதிக்குள் அது பெருமளவு சீனர்களிடம் போய்விட்டது. ஆற்றங்கரைக்கு அருகே சூலியா ஸ்திரீட் என்ற பெயர் மட்டும் நிற்கிறது. பலகை மூட்டுகளுக்குள் நாரும் பிசினும் திணித்து அடைத்த அந்த மரப்படகுகள் கசியாமல் இருந்ததில்லை. இறைப்பது அன்றாட வேலைகளில் ஒன்று. 1977இல் தொடங்கிய ஆற்றுத் தூய்மைப்பணியின் பகுதியாக, 1983இல் சரக்குப் படகுகள் பாசிர் பாஞ்சாங்கிற்கு மாற்றப்பட்டன. சாங்கி முனையிலிருந்து புலாவ் உபினுக்கு 12 பயணிகளுடன் போய்வரும் பம்போட் எனப்படும் படகுகளைப் பார்த்தால் பழைய மரப்படகுகளின் உருவம் கொஞ்சம் பிடிபடும். மரத்தில் கட்டிய படகைக் கரையேற்றிக் காயவிட்டால் பலகை சுருங்கும். மீண்டும் இறக்கிய முதல் சில நாள்களுக்கு, மரம் ஊறி மூட்டு இறுகும்வரை, தண்ணீர் வரத்து கூடுதலாகவே இருக்கும்.

மழைக் கணக்கு

கண்ணாடியிழைப் படகுக்குப் பலகை மூட்டு கிடையாது. இருந்தும் அதன் அடியில் தண்ணீர் சேர்கிறது என்றால் சிங்கப்பூரில் முதலில் சந்தேகிக்க வேண்டியது வானத்தை. இங்கே ஆண்டுக்கு ஏறத்தாழ 2,100 மில்லிமீட்டர் மழை. டிசம்பர் மாதம் கொட்டித் தீர்க்கும். வடகிழக்குப் பருவமழை ஓய்ந்த மாதங்களில் சுமத்ராப் பக்கமிருந்து வரும் சூறைக்காற்று மழை, பெரும்பாலும் விடியுமுன்னும் காலையிலும், அதாவது படகில் ஆளே இல்லாத நேரத்தில் அடிக்கிறது.

மேற்கூரை இல்லாத படகின் பரப்பு 10 சதுர மீட்டர் என்று வைத்துக்கொண்டால், 100 மி.மீ. மழை 1,000 லிட்டர் தண்ணீரை இறக்கும். எடையில் ஒரு டன். 1978 டிசம்பர் 2 அன்று பாய லேபாரில் ஒரே நாளில் 512.4 மி.மீ. பதிவானது, அன்று இதே படகுக்கு 5 டன்னுக்கு மேல் வந்திருக்கும். ஆனால் மழையே பேட்டரியைத் தின்றுவிடும் என்ற நம்பிக்கை கணக்குக்கு நிற்காது. மணிக்கு 1,200 லிட்டர் இறைத்து 2.5 ஆம்பியர் இழுக்கும் சிறு பம்ப், அந்த ஒரு டன்னை 50 நிமிடத்தில், சுமார் 2 ஆம்பியர்-மணிச் செலவில் தீர்த்துவிடும். 5 டன்னுக்கும் 11 ஆம்பியர்-மணிக்கு மேல் ஆகாது. அதே பம்ப் மிதவை சிக்கியதால் தண்ணீரே இல்லாமல் ஓடிக்கொண்டிருந்தால், ஒரு நாளில் 60 ஆம்பியர்-மணி வரை காலி. அடுத்த மழை வரும்போது பேட்டரி செத்திருக்கும்.

ஓட்டைக்கு வேறு கணக்கு. நீர்மட்டத்துக்கு 30 சென்டிமீட்டர் கீழே 25 மி.மீ. விட்டமுள்ள துளை விழுந்தால் மணிக்கு ஏறத்தாழ 2,500 லிட்டர் உள்ளே பாயும். ‘500’ என்று எழுதியுள்ள பம்பின் அளவு அமெரிக்க கேலனில்; லிட்டரில் மணிக்குச் சுமார் 1,890. அதுவும் உயரத்துக்கு ஏற்றாமல், நீண்ட குழாய் இல்லாமல் அளந்த எண். ஒரு மீட்டர் உயர்த்தி, இரண்டு வளைவு வைத்து, உட்புறம் நெளிநெளியான குழாயில் அனுப்பினால் பாதிகூட வராமல் போகலாம். சிறு பம்ப் மழைக்கும் கசிவுக்கும் உரியது. உடைந்த படகை அது மிதக்க வைக்கும் என்று எண்ணுவது ஆபத்து.

பழுதைத் தேடுவது

முதலில் மூக்கு. பெட்ரோல் வாடை அடித்தால் எந்தச் சுவிட்சையும் தொடாமல் மூடிகளைத் திறந்து காற்றோட்டம் விட வேண்டும். அடுத்தது, தேங்கிய தண்ணீர் உப்பா நன்னீரா என்று பார்ப்பது. ஒரு சொட்டைக் கறுப்புத் தகரத்தில் காயவிட்டால் உப்பு வெள்ளையாகப் படியும். நன்னீர் என்றால் மழை அல்லது படகின் குடிநீர்த் தொட்டி. உப்பு என்றால் சுழல்தண்டு வெளியேறும் இடத்தின் அடைப்பு, அடிமட்டக் குழாய் இணைப்புகள், வடிகால் திருகு என்று தேட வேண்டும். பழைய முறை அடைப்பில், தண்டு சுழலும்போது சில சொட்டுகள் விழுவது இயல்புதான்.

பிறகு சுவிட்சைக் கைமுறைக்கு மாற்றிக் காது கொடுக்க வேண்டும். சத்தமே இல்லையென்றால் ஃபியூஸ். ஃபியூஸ் நன்றாக இருந்தால் மல்ட்டிமீட்டர். பேட்டரி முனையில் 12.6 வோல்ட் காட்டி, பம்பின் கம்பி முனையில், சுவிட்ச் போட்ட நிலையில், 10 வோல்ட்டுக்குக் கீழே காட்டினால் இடையில் எங்கோ அரிப்பு. சுவிட்ச் போடாமல் அளந்தால் அரித்த இணைப்பும் முழு வோல்ட்டைக் காட்டி ஏமாற்றும். இந்த ஈரக் காற்றில் முலாம் பூசாத செம்புக் கம்பி உறைக்குள்ளேயே கறுத்துப்போகிறது. வெட்டிப் பார்த்தால்தான் தெரியும்.

முனகல் மட்டும் வந்தால் சுழல்தகட்டில் தூண்டில் நரம்போ வெட்டிப்போட்ட கேபிள் டையின் துண்டோ சிக்கியிருக்கும். பெரும்பாலான பம்புகளின் மோட்டார் பகுதி, பக்கவாட்டுத் தாழ்ப்பாளை அழுத்தினால் அடிவலையிலிருந்து கழன்று வந்துவிடும். எடுத்துவிட்டு மாட்டினால் வேலை முடிந்தது. ஓடுகிறது, தண்ணீர் வரவில்லை என்றால் வடிவலை அடைப்பு, மடங்கிய குழாய், வெளித்துளையில் குளவிக்கூடு ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். குழாய் நடுவில் தொய்ந்து கிடந்தால் அந்தப் பள்ளத்தில் நிற்கும் தண்ணீர் காற்றை உள்ளே அடைத்துவிடும். மையவிலக்குப் பம்புக்குக் காற்றைத் தள்ளும் வலு கிடையாது. குழாய் பம்பிலிருந்து வெளித்துளை நோக்கி ஏறிக்கொண்டே போக வேண்டும். வெளித்துளை நீர்மட்டத்தை ஒட்டி இருந்தால், குழாயை மேலே உயர வளைத்துக் காற்றுத் துளையுள்ள வால்வு வைப்பது அவசியம். இல்லையென்றால் பம்ப் நின்றதும் கடல் அதே வழியில் திரும்பி வரும். இதைத் தடுக்கத் திரும்பாவால்வு போடும் பழக்கம் உண்டு. அதுவே காற்றடைப்புக்கும் காரணமாகிறது என்பதால், அந்த வால்வைத் தவிர்ப்பதே நல்லது.

சில நிமிடத்துக்கு ஒருமுறை தானாக ஓடி நிற்கும் பம்பில் பழுது ஒன்றும் இல்லாமல்கூட இருக்கலாம். நீண்ட குழாயில் மிஞ்சிய தண்ணீர் திரும்பி வந்து மிதவையை மீண்டும் தூக்குகிறது, அவ்வளவுதான்.

மாற்றுவது

பேட்டரி இணைப்பைக் கழற்றிய பிறகே கை வைக்க வேண்டும். பழைய பம்பின் குழாய் விட்டத்தைக் குறித்துக்கொள்வது நல்லது, 19 மி.மீ., 28 மி.மீ. அளவுகள் பரவலானவை. பெரிய பம்பை வாங்கிச் சிறிய குழாயில் சொருகினால் கூடுதல் விலைதான் மிச்சம். அதே நிறுவனத்தின் அதே வகை கிடைத்தால் பழைய அடித்தட்டைக் கழற்றவே தேவையில்லை. புதுத் தட்டுத்தான் வேண்டுமென்றால், படகின் அடியில் நேராகத் திருகாணி போடக்கூடாது. ஆணி மறுபுறம் எட்டிப் பார்த்தால் தண்ணீரை இறைக்க வந்தவரே தண்ணீருக்கு வழி திறந்துவிட்டவர் ஆவார். ஒரு கட்டையை எப்பாக்ஸியால் ஒட்டி, அதில் குட்டைத் திருகாணி போட வேண்டும்.

வெள்ளீய முலாம் பூசிய செம்புக் கம்பி, பசையுள்ள சுருங்குகுழாய், கிரிம்ப் இணைப்பு ஆகிய மூன்றில் சிக்கனம் வேண்டாம். தேக்காவிலிருந்து நடந்தே போகக்கூடிய சிம் லிம் டவரில் மீட்டர், சுருங்குகுழாய், ஃபியூஸ் தாங்கி போன்ற மின்னணுச் சாமான்கள் கிடைக்கும். ஜாலான் புசார் பக்கத்து இரும்புச்சாமான் கடைகளில் துருப்பிடிக்காத எஃகு வளையங்கள் வாங்கலாம். வீட்டு வயரிங்குக்கு விற்கும் கம்பியை மட்டும் படகுக்குக் கொண்டுபோகக் கூடாது. இணைப்பு தண்ணீர் எட்டாத உயரத்தில் இருக்கட்டும். முறுக்கி டேப் சுற்றிய இணைப்பு, ஒரு பருவமழை தாண்டினாலே அதிசயம்.

மிதவை வழியாகப் பம்புக்குப் போகும் தானியங்கி மின்இணைப்பு, முதன்மைச் சுவிட்சைச் சுற்றிக்கொண்டு, உரிய ஃபியூஸ் வழியாகப் பேட்டரியிலிருந்து நேராக வர வேண்டும். இல்லாவிட்டால் உரிமையாளர் எல்லாவற்றையும் அணைத்துவிட்டுக் கரையேறும்போது பம்பும் அணைந்துவிடும். ஃபியூஸின் அளவு பம்பின் உடம்பிலேயே எழுதியிருக்கும். அதைவிடப் பெரியதைப் போட்டால், சுழல்தகடு சிக்கும் நாளில் ஃபியூஸுக்குப் பதில் மோட்டார் எரியும்.

சத்தம் கேட்டால் சோதனை முடிந்ததாகாது. அடியில் நன்னீர் ஊற்றி, மிதவை தானாகத் தூக்குகிறதா என்று பார்த்து, வெளித்துளையில் 10 லிட்டர் வாளியைப் பிடித்து நேரம் எடுக்க வேண்டும். 30 விநாடியில் நிறைந்தால் மணிக்கு 1,200 லிட்டர். இந்த எண்ணை மூடியின் உட்புறம் எழுதி வைத்தால், பிறகு அடைப்பு தொடங்கும்போது வித்தியாசம் தெரியும். இடம் இருந்தால் சற்று மேலே இரண்டாவதாக ஒரு பெரிய பம்பும் எச்சரிக்கை ஒலியும் வைப்பது நல்ல முதலீடு.

எண்ணெயும் கொசுவும்

அடிநீரில் டீசலோ இன்ஜின் ஆயிலோ மிதந்தால் பம்பை ஓடவிடக்கூடாது. 1990ஆம் ஆண்டின் கடல் மாசுத் தடுப்புச் சட்டப்படி சிங்கப்பூர் நீர்ப்பரப்பில் எண்ணெய் கலப்பது குற்றம். கடல்துறை, துறைமுக ஆணையம் இதில் கண்டிப்பானது. பாத்திரம் கழுவும் சோப்பை ஊற்றினால் படலம் கண்ணிலிருந்து மறையும், எண்ணெய் எங்கும் போகாது. எண்ணெயை மட்டும் உறிஞ்சும் விரிப்புகளை அடியில் போட்டு வைத்து, ஊறியவற்றைப் படகுத்துறையின் கழிவு சேகரிப்பில் ஒப்படைப்பதே முறை. தானியங்கி மிதவைக்கு எண்ணெய் வித்தியாசம் தெரியாது. ஆகவே கசியும் இன்ஜினை வைத்துக்கொண்டு பம்பைத் தானியங்கியில் விட்டுப் போவது அபராதத்தை அழைப்பதாகும்.

கரையில் ஏற்றி வைத்த படகுக்கு வேறு தொல்லை. அடியில் தேங்கிய மழைநீர், டெங்கி பரப்பும் ஏடிஸ் கொசுவுக்குப் பிடித்த இடம். இவ்வகைப் பம்ப் கடைசி ஒன்றிரண்டு சென்டிமீட்டர் தண்ணீரை எடுக்காது. அதற்கு வடிகால் திருகைக் கழற்றி, பின்பக்கம் தாழ்த்தி நிறுத்துவதுதான் வழி. கழற்றிய திருகைச் சாவிக்கொத்திலேயே கட்டிவைத்தால், அதை மாட்டாமல் படகைத் தண்ணீரில் இறக்கும் தவறு குறையும்.