ஸ்டேக்கின் நடுப்பகுதியை ஏன் நம்புகிறோம்?

இந்த எபிசோடை ஒரு நேயர் அனுப்பின கேள்வியிலிருந்தே ஆரம்பிக்கிறேன். "ஸ்டேக்கை உள்ளே சிவப்பா இருக்கும்போதே சாப்பிடுறாங்க. அதே மாட்டிறைச்சியில செஞ்ச பர்கர் மட்டும் முழுசா வேகணும்னு சொல்றாங்களே, ஏன்?" கேட்க சின்னக் கேள்விதான். ஆனா இதுக்கான பதிலுக்குப் பின்னாடி நூறு வருஷம் நிலைச்சு நின்ன ஒரு தப்பான அறிவியலும், நாலு குழந்தைகளோட மரணமும் இருக்கு.

முதல்ல அந்தச் சிவப்பு. ஸ்டேக் நடுவுல சுமார் 50 டிகிரி செல்சியஸ் இருந்தா 'ரேர்', 60 கிட்ட வந்தா 'மீடியம்', 70-ஐத் தாண்டினா 'வெல் டன்'. ரேருக்குப் பிரெஞ்சுல இருக்கிற பேருக்கு 'ரத்தம் கசியும்'னு அர்த்தம். ஆனா தட்டுல கசியறது ரத்தம் இல்லை. ரத்தம் மாட்டை அறுக்கும்போதே பெரும்பாலும் வடிஞ்சு போயிடும். சிவப்பா இருக்கிறது மயோகுளோபின், தசைக்குள்ள ஆக்சிஜனைப் பிடிச்சு வைக்கிற புரதம். சூடு ஏற ஏற அது உருக்குலைஞ்சு பழுப்பாகுது. முப்பரிமாண வடிவம் கண்டுபிடிக்கப்பட்ட முதல் புரதமே இதுதான். 1958-ல் ஜான் கென்ட்ரூவோட குழு அதைச் செஞ்சது. கணக்கெல்லாம் போட்டது கேம்பிரிட்ஜ்ல இருந்த எட்சாக் கம்ப்யூட்டர். நம்ம தொழிலுக்கும் ஸ்டேக்குக்கும் இப்படி ஒரு சொந்தம் இருக்கு. 1962-ல் கென்ட்ரூவுக்கு நோபல் பரிசும் கிடைச்சது.

இப்ப அந்தத் தப்பான அறிவியலுக்கு வருவோம். யூஸ்டஸ் ஃபான் லீபிக், ஜெர்மன் வேதியியலாளர். பயிர்களுக்கான உரம் பற்றிய ஆராய்ச்சியில பெரிய பேர். 1847-ல் உணவின் வேதியியல் பற்றி ஒரு புத்தகம் எழுதினார். இறைச்சியை எடுத்த எடுப்பிலேயே கடும் சூட்டுல போட்டா மேற்பரப்புப் புரதம் உறைஞ்சு ஓடு மாதிரி மூடிக்கும், சாறு வெளியே போகாதுன்னு சொன்னார். சொன்னவர் லீபிக் ஆச்சே, சமையல்காரர்கள் அப்படியே பிடிச்சுக்கிட்டாங்க. பிரெஞ்சு சமையலின் பெரிய தலையான எஸ்கோஃபியேகூட இதையே எழுதினார்.

1930-களில் எளிமையான சோதனைகள் இதைப் பொய்யாக்கிடுச்சு. முதலில் சூடு காட்டின இறைச்சியும் சாறை இழக்கத்தான் செய்யுது. யோசிச்சுப் பார்த்தா, கல்லில் போட்டதும் 'சுர்ர்'னு ஒரு சத்தம் தொடர்ந்து வருதே, அதுவே உள்ளேயிருந்து நீர் வெளியேறி ஆவியாகிற சத்தம்தான். ஓடு மூடியிருந்தா அந்தச் சத்தம் நின்னிருக்கணும்.

அப்படின்னா மேல்பக்கம் முறுகவிடுறதால என்ன பயன்? ஒண்ணு, ருசியும் வாசனையும். இன்னொண்ணு லீபிக் காலத்துல யாரும் நினைச்சுப் பார்க்காதது. ஈ.கோலை மாதிரி பாக்டீரியா மாட்டோட குடல்ல இருக்கும். அறுக்கும்போது, தோலை உரிக்கும்போது இறைச்சியோட வெளிப்புறத்துல ஒட்டிக்கும். முழுத் துண்டா இருக்கிற வரைக்கும் உள்ளே போக அதுக்கு வழி பெரும்பாலும் இல்லை. வெளிப்பக்கம் நல்லா சூடானா அது செத்துடும். நடுப்பகுதியை நாம நம்புறதுக்குக் காரணம், அதை எதுவும் தொடலைங்கிறதுதான்.

கைமா போட்டா அந்தக் கணக்கு உடைஞ்சு போகுது. வெளியே இருந்தது உள்ளே வந்துடுது. அதுவும் பெரிய ஆலைகளில் பல மாடுகளோட இறைச்சி ஒண்ணாக் கலக்குது. குடம் பாலுக்கு ஒரு துளி விஷம் மாதிரிதான்.

ஈ.கோலை ஓ157:எச்7 என்கிற ஆபத்தான வகையை 1982-லேயே அமெரிக்காவில் அடையாளம் கண்டுட்டாங்க. அப்பவும் காரணம் ஹாம்பர்கர்தான். ஆனா பெரிசா எதுவும் மாறலை. 1992 கடைசியிலயும் 1993 தொடக்கத்திலயும் 'ஜாக் இன் தி பாக்ஸ்' கடைகளில் விற்ற, சரியா வேகாத பர்கர்களால வாஷிங்டன், ஐடஹோ, கலிஃபோர்னியா, நெவாடா மாநிலங்களில் 700 பேருக்கு மேல பாதிக்கப்பட்டாங்க. பலருக்குச் சிறுநீரகம் செயலிழந்தது. நாலு குழந்தைகள் இறந்தாங்க. அதுல ஒன்றரை வயதுகூட ஆகாத ஒரு குழந்தை பர்கரே சாப்பிடலை. காப்பகத்துல இன்னொரு குழந்தைகிட்ட இருந்து தொற்றினது.

இதுல மனசை உறுத்துறது ஒரு எண். மத்திய அரசு அப்போ சொன்ன அளவு 140 டிகிரி ஃபாரன்ஹீட், அதாவது 60 செல்சியஸ். வாஷிங்டன் மாநிலம் அதுக்கு முன்பே 155-ஆ, அதாவது 68 செல்சியஸா உயர்த்தியிருந்தது. விதி இருந்தது. அடுப்பு வரைக்கும் அது போய்ச் சேரலை.

1994-ல் அமெரிக்க விவசாயத் துறை, கைமாவில் இந்த பாக்டீரியா இருந்தாலே அது கலப்பட உணவுன்னு அறிவிச்சது. 'ஒழுங்கா வேகவைக்கிறது வாங்குறவர் பொறுப்பு'ன்னு அதுவரை இருந்த நிலை மாறி, விற்கிறவரும் பொறுப்புன்னு ஆச்சு. இறைச்சித் தொழில் தரப்பு கோர்ட்டுக்குப் போச்சு, தோத்துச்சு.

கதை அதோட முடியலை. சில ஸ்டேக்குகளை மெதுவாக்க, ஆலையிலேயே ஊசி, கத்தி முனைகளால குத்துவாங்க. பார்க்க முழுத் துண்டுதான். ஆனா மேல இருந்த பாக்டீரியாவை ஊசியே உள்ளே தள்ளிடலாம். 2016-லிருந்து அமெரிக்காவில் அப்படிப்பட்ட பச்சை ஸ்டேக்கோட லேபிள்ல அதைச் சொல்லணும், எவ்வளவு சூட்டில் வேகணும்னும் போடணும்னு விதி வந்தது.

ஆக, கேட்ட நேயருக்குப் பதில் இதுதான்: ரெண்டும் ஒரே இறைச்சிதான், ஆனா ஒண்ணுல வெளிப்பக்கம் வெளியேயே இருக்கு, இன்னொண்ணுல உள்ளே வந்துடுச்சு. வீட்டுல பர்கர் செஞ்சா நடுவுல தெர்மாமீட்டரைக் குத்திப் பாருங்க, 71 செல்சியஸ் காட்டணும். நிறத்தை நம்பாதீங்க, சில நேரம் வேகறதுக்கு முன்னாடியே பழுப்பாகிடும். குழந்தைகளுக்குக் கொடுக்கிறதா இருந்தா, கட்டாயம் பார்த்துட்டுத்தான் கொடுக்கணும்.

அடுத்த எபிசோட்ல பார்ப்போம்.