சீவரமும் செங்கோலும்

சமயம் அரசியலிற் புகுதல் தகுமா என்னும் வினா நம் சங்கக் கூட்டங்களிற் பலமுறை எழுந்ததுண்டு. “பௌத்தர் பெயராற் கட்சி கண்டார்கள், முஸ்லிம்களும் கண்டார்கள், இந்துக்களுக்கு மட்டும் ஏன் ஒரு கட்சி இல்லை?” என்று இளைஞர் கேட்பர். பெரியோரிற் சிலர் தலையசைப்பர். சிலர் தேநீர் ஆறுகிறது என்று பேச்சை மாற்றிவிடுவர். கேள்வி அற்பமானதன்று. ஆதலின் இதனை ஊகத்தால் தீர்க்க முயலாது, நம் நாட்டில் நடந்ததை வைத்தே ஆராய்வோம். சமயத்தின் பெயரால் எழுந்த வலதுசாரி இயக்கமொன்று ஓர் அரசை ஏற்றி, ஆட்டி, ஈற்றில் அதன் தலைவனையே பலிகொண்ட கதை இத்தீவிலேயே நிகழ்ந்திருக்க, அயல்நாட்டு உதாரணம் தேடுவானேன்?

கதையின் தொடக்கம் நம் மலைநாட்டிலேயே இருக்கிறது. 1815 மார்ச் 2 ஆம் திகதி கண்டிப் பிரதானிகள் ஆங்கிலேயரோடு செய்துகொண்ட உடன்படிக்கையின் ஐந்தாம் பிரிவு, பௌத்த சமயமும் அதன் சடங்குகளும் மீறப்படாது காக்கப்படும் என்று உறுதி கூறிற்று. இந்தப் பிரிவே ஏறத்தாழ ஒரு நூற்றாண்டின் பின் கம்பளையில் ஒரு வழக்குக்கு ஆதாரமாயிற்று. வல்லஹகொட தேவாலயத்துப் பெரஹர, பள்ளிவாசல் முன்னால் மேளதாளத்துடன் செல்லலாமா என்பது வழக்கு. 1914 இல் கண்டி மாவட்ட நீதிமன்றம் தேவாலயத்தின் பக்கம் தீர்த்தது. 1915 இன் தொடக்கத்தில் உயர் நீதிமன்றம் அத்தீர்ப்பை மாற்றிற்று. அவ்வாண்டு மே மாத இறுதியில், வெசாக் இரவன்று, கண்டி நகரில் ஒரு பள்ளிவாசலின் முன் மூண்ட சண்டை தீவின் பல பாகங்களுக்கும் பரவிப் பெருங் கலகமாயிற்று. அத்தேவாலயத்துத் தெய்வம் கதிர்காமத் தேவர், அதாவது நம் முருகன் என்பதையும் இவ்விடத்தில் நினைத்துக்கொள்ளலாம். சண்டையிட்டவர்களில் எத்தனை பேர் அதை நினைத்தார்களோ!

கடைத்தெருவில் கரையோரச் சோனகர் பெற்றிருந்த செல்வாக்கும், உள்ளூர் வணிகரின் மனக்குறையும், போர்க்காலத்து விலைவாசியும் அக்கலகத்தின் உள்ளிருந்த எரிபொருள்கள். பெரஹரவின் மேளம் தீக்குச்சி மாத்திரமே. பின்னர் வந்த எல்லாவற்றிலும் இந்த அமைப்பு மாறவில்லை. கலகத்தை அடக்க ஆங்கிலேயர் இராணுவச் சட்டம் பிறப்பித்துச் சிங்களத் தலைவர்களைச் சிறையிலிட்டபோது, அவர்களுக்காகச் சட்டநிருபண சபையில் வாதாடியவரும், இங்கிலாந்து வரை சென்று முறையிட்டவரும் சேர் பொன்னம்பலம் இராமநாதன் என்பதும் மறக்கற்பாலதன்று.

அக்காலத்துச் சிங்கள பௌத்த எழுச்சியின் குரல் அநகாரிக தர்மபாலர் (1864–1933). மகாபோதி சங்கத்தை 1891 இல் நிறுவியவர். ‘சிங்கள பௌத்தயா’ என்ற பத்திரிகையை 1906 இல் தொடங்கியவர். மிஷன் பாடசாலையிற் படித்து, அங்கே கண்டதை எதிர்த்து, அங்கே கற்ற முறைகளைக் கொண்டே தம் சமயத்தை நிமிர்த்தியவர். யாழ்ப்பாணத்து ஆறுமுக நாவலரும் (1822–1879) அவ்வழியே சென்றவர்தாம். பேர்சிவல் பாதிரியாரிடம் கற்று, அவரோடிருந்து விவிலிய மொழிபெயர்ப்பிலும் உழைத்து, பின்பு 1848 இல் வண்ணார்பண்ணையில் சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தொடங்கினார். இதை எழுதுபவனும் மிஷன் பாடசாலையிற் படித்தவன்; ஆதலின் அவ்விருவர் நெஞ்சிலும் எழுந்த வேகத்தைக் குறைகூற மனம் வரவில்லை. தன் சமயத்தைத் தாழ்த்திப் பேசக் கேட்ட பிள்ளைக்கு அந்த வேகம் வருவது இயற்கை. ஆனால் நாவலர் பாடசாலையோடும் அச்சுக்கூடத்தோடும் பெரிதும் நின்றுகொண்டார். தர்மபாலரோ இந்நாடு யாருடையது என்ற கேள்விக்குச் சமயத்தையும் இனத்தையும் விடையாக்கி, சோனகரையும் பிற ‘அந்நியரையும்’ கடிந்தெழுதினார். அந்த விடையை எடுத்துக்கொண்டவர்கள் பின்னர் வந்தார்கள்.

அவர்கள் வருமுன்னரே நம் மக்களுக்கு இடி விழுந்துவிட்டது. 1947 ஆம் ஆண்டுத் தேர்தலில் நுவரெலியாவில் தொண்டமானும், தலவாக்கலையில் சி. வி. வேலுப்பிள்ளையும், கொட்டகலையில் குமாரவேலுவும் இலங்கை இந்தியன் காங்கிரஸ் சார்பில் வென்று பாராளுமன்றம் சென்றனர். மறு ஆண்டே 18 ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம் வந்தது. 1949 இல் வாக்குரிமையும் போயிற்று. 1952 தேர்தலில் தோட்டத்தார் வேடிக்கை பார்க்கும் ஜனங்களாயினர். இச்சட்டங்களை இயற்றியவர்கள் பிக்குமார் அல்லர். கோட்டும் கழுத்துப்பட்டியும் அணிந்த கனவான்கள். இடதுசாரிகளுக்குச் செல்லும் தோட்ட வாக்குகளைக் கண்டு அஞ்சியவர்கள். அன்றியும், அவற்றுக்கு ஆதரவாகக் கையுயர்த்தியவர்களுள் திருநீறணிந்த தமிழ்க் கனவான்களும் சிலர் இருந்தனர். சமயம் ஒன்றே, மொழியும் ஒன்றே. இருந்தும் லயத்து மனிதன் அவர்கள் கண்ணிற் படவில்லை. இந்துக் கட்சி ஒன்று இருந்தால் நம் துன்பமெல்லாம் தீரும் என்போர் இந்த வாக்கெடுப்பைச் சற்று எண்ணிப் பார்த்தல் நன்று.

இனி 1956. புத்தர் பரிநிர்வாணமெய்தி 2500 ஆண்டு நிறையும் புத்த ஜயந்தி வருடம். அகில இலங்கை பௌத்த காங்கிரஸ் நியமித்த விசாரணைக் குழு, அந்நியர் ஆட்சியில் பௌத்தத்துக்கு இழைக்கப்பட்ட அநீதிகளைத் தொகுத்து அவ்வருடம் பெப்ரவரியில் அறிக்கை வெளியிட்டது. அதிற் சொன்ன குறைகள் பல மெய்யே. பாடசாலைகளும் உத்தியோகங்களும் கிறிஸ்தவர் கையில் அளவுக்கு மிஞ்சி இருந்தன என்பதை யார் மறுப்பார்? அந்த மெய்க்குறைகளின் மீதேறி நின்றது எக்சத் பிக்கு பெரமுன, அதாவது ஐக்கிய பிக்கு முன்னணி. அதன் மூளையாய் இருந்தவர் களனி ரஜமகா விகாரையின் அதிபதி மாபிட்டிகம புத்தரக்கித்த தேரோ. பிக்குமார் கிராமந்தோறும் வீடுவீடாகச் சென்று வாக்குக் கேட்டனர். மல்வத்தை, அஸ்கிரிய மகாநாயகர்கள் இதனை விரும்பவில்லை, கேட்பாரில்லை. பத்து அம்சங்கள் கொண்ட கோரிக்கை ஒன்றை பண்டாரநாயக்காவிடம் கொடுத்தனர். சீவரம் தரித்தவர்கள் நின்ற பக்கமே தர்மத்தின் பக்கம் என்று கிராமத்தான் கருதினான். தெரிவுசெய்யப்படும் 95 இடங்களில் 51 பண்டாரநாயக்காவின் கூட்டணிக்கு. ஆண்ட கட்சிக்கு எட்டே எட்டு. ஜூன் மாதம் தனிச் சிங்களச் சட்டம் வந்தது.

பண்டாரநாயக்கா ஒக்ஸ்போர்ட்டில் கற்றவர், கிறிஸ்தவராய்ப் பிறந்து பௌத்தரானவர், மதவெறியர் அல்லர். ஆட்சியேறியபின் தாம் எழுப்பிய அலையைச் சற்றுத் தணிக்க முயன்றார். 1957 ஜூலை 26 ஆம் திகதி செல்வநாயகத்துடன் அவர் செய்த ஒப்பந்தத்தைப் பற்றிப் பேசுவோர் பிரதேச சபைகளையும் தமிழ்மொழி உரிமையையும் மாத்திரம் குறிப்பிடுவது வழக்கம். அதில் நமக்கும் ஒரு வரி இருந்தது! இந்திய வம்சாவளியினரின் பிரஜாவுரிமைப் பிரச்சினையைத் தமிழரசுக் கட்சியார் எடுத்துரைத்து விரைவில் தீர்வு கோரினர். அது விரைவில் கவனிக்கப்படும் என்று பிரதம மந்திரி தெரிவித்தார். வாக்குறுதி என்று சொல்ல முடியாத மெல்லிய வரிதான். ஆயினும் 1948 க்குப் பின் பிரதம மந்திரி ஒருவர் கையொப்பமிட்ட தாளில் தோட்டத்து மனிதனுக்குக் கிடைத்த இடம் அது.

எதிர்ப்பு இரு பக்கத்திலிருந்தும் வந்தது. ஜே. ஆர். ஜயவர்த்தனா அவ்வருடம் ஒக்டோபரில் கண்டிக்கு யாத்திரை புறப்பட்டு இம்புல்கொடையில் மறிக்கப்பட்டார். அடுத்த ஆண்டு ‘ஸ்ரீ’ எழுத்துக் கிளர்ச்சி மலைநாட்டையும் எட்டியது. பொகவந்தலாவையில் பொலிசார் சுட்டதில் தோட்டத் தொழிலாளர் உயிரிழந்தனர். 1958 ஏப்ரல் 9 ஆம் திகதி, கொழும்பு ரொஸ்மீட் பிளேஸிலிருந்த பிரதம மந்திரியின் இல்லத்து முன்றிலில் சுமார் இருநூறு பிக்குமார் வந்து அமர்ந்தனர். ஒப்பந்தம் கிழிக்கப்பட வேண்டும் என்றனர். பிரதம மந்திரி இசைந்தார். வாய்ச்சொல் போதாது, எழுத்தில் வேண்டும் என்றனர், எழுதிக் கொடுத்தார். பாராளுமன்றத்தில் வாக்கெடுப்பில்லை, மந்திரிசபையில் நீண்ட விவாதமில்லை. ஒரு வீட்டு வாசலில் ஒரே பகலில் எல்லாம் முடிந்தது. அந்தத் தாளோடு நம் வரியும் போயிற்று. அடுத்த மாதமே நாடு தீப்பற்றி எரிந்தது.

சிந்திக்க வேண்டியது இந்த வாசல் முறையைத்தான். ஈரானில் 1979 இல் மதகுருமார் தாமே அரியணையில் அமர்ந்தனர். இலங்கையில் அதற்குத் தேவை இருக்கவில்லை. ஆளும் பொறுப்பை ஏற்காமல், ஆள்பவன் எதைச் செய்யக்கூடாது என்று வாசலில் இருந்து சொல்வதே போதுமானதாயிருந்தது. 1966 ஜனவரியில் டட்லி சேனநாயக்கா தமிழ்மொழி ஒழுங்குவிதிகளைக் கொணர்ந்தபோதும் ஊர்வலம் வந்தது. பொலிஸ் சூட்டில் இளம் பிக்கு ஒருவர் மாண்டார். விதிகள் நிறைவேறின, நடைமுறைக்கு வருவது வேறு கதையாயிற்று. அதே 1966 இல் ஞாயிறு விடுமுறை நீக்கப்பட்டுப் போயா நாட்கள் வார விடுமுறையாயின. நாட்காட்டி தடுமாற, வணிகம் தடுமாற, 1971 இல் ஞாயிறு திரும்பிற்று. ஆனால் 2004 இல் ஜாதிக ஹெல உறுமய சார்பில் ஒன்பது பிக்குமார் பாராளுமன்ற ஆசனத்திலேயே அமர்ந்தபோது அந்தச் செல்வாக்குப் பெருகவில்லை. உள்ளே வந்தவர்கள் மற்ற உறுப்பினரைப்போலவே தள்ளுமுள்ளுப்பட்டுப் பிளவுண்டனர். மாறாக, 2019 இல் அத்துரலியே ரதன தேரோ கண்டித் தலதா மாளிகை முன் உண்ணாவிரதமிருந்த நான்காம் நாளே முஸ்லிம் அமைச்சர்கள் அனைவரும் பதவி துறந்தனர். வாசலே வலிமை மிக்கதாய் நின்றது.

பண்டாரநாயக்காவின் கதைக்குத் திரும்புவோம். 1958 இல் பிலிப் குணவர்த்தனா கொணர்ந்த நெற்காணிச் சட்டம் குத்தகை விவசாயிக்குப் பாதுகாப்பளித்தது. இதை மிகக் கடுமையாக எதிர்த்தவர்களுள் புத்தரக்கித்தவும் ஒருவர். ஏழைக் கமக்காரனுக்கு நிலத்தில் உரிமை வருவதால் புத்த தர்மத்துக்கு என்ன குறை வந்துவிடும் என்று நாம் கேட்கலாம். வலதுசாரி என்ற சொல்லின் பொருள் விளங்குவது இங்கேதான்: பேசப்படுவது தர்மம், காக்கப்படுவது காணி. 1959 மே மாதம் பிலிப் பதவி விலக நேர்ந்தது. கப்பல் ஒப்பந்தம், சீனித் தொழிற்சாலை என்று வியாபாரத்திலும் கைவைத்திருந்த புத்தரக்கித்தவுக்குப் பிரதம மந்திரி இணங்காது போகவே பகை முற்றிற்று. 1959 செப்டம்பர் 25 காலை, கும்பிட எழுந்த பிரதம மந்திரியைத் தல்துவே சோமாராம என்ற பிக்கு சுட்டார். மறுநாள் உயிர் பிரிந்தது. சோமாராம 1962 இல் தூக்கிலிடப்பட்டார். புத்தரக்கித்த 1967 இல் சிறையிலேயே இறந்தார். சீவரத்துக்குள் துப்பாக்கி இருக்கும் என்று எந்தப் பௌத்தன் எண்ணியிருப்பான்?

காந்தியடிகளை 1948 இல் கொன்றவன் முஸ்லிம் அல்லன், இந்து. இஸ்ரவேலின் ரபீனை 1995 இல் கொன்றவன் அரபியன் அல்லன், யூதன். மதவாதத்தின் முதற் பகைவன் அயல் மதத்தவன் என்று நாம் நினைக்கிறோம். தன் மதத்திலேயே சமாதானம் பேசுபவனை அது முன்னே காண்கிறது.

பெரமுன சிதறியது, அது விரும்பியது நிறைவேறாமலிருக்கவில்லை. 1972 ஆம் ஆண்டு அரசியலமைப்பில் பௌத்தத்துக்கு முதன்மை இடம் அளிக்கப்பட்டது. அந்த யாப்பை ஆக்கிய அமைச்சர் இடதுசாரியான கொல்வின் ஆர். டி சில்வா என்பதுதான் விந்தை. 1978 இன் யாப்பிலும் அது 9 ஆம் உறுப்புரையாய் நிலைத்தது. பொதுபல சேனா 2012 இல் தோன்றிற்று. 2014 இல் அளுத்கம, 2018 இல் நமக்கு அண்மையிலுள்ள திகன, எரிந்தன.

நம் பக்கத்தையும் பாராதிருத்தல் நேர்மையாகாது. 2016 இல் வவுனியாவில் சிவசேனை என்ற பெயரில் ஓர் அமைப்புத் தொடங்கப்பட்டது. மதமாற்றத்தையும் மாட்டிறைச்சியையும் குறித்து அது பேசுகிறது. மதமாற்றம் தோட்டங்களில் மனக்கசப்பை வளர்ப்பது உண்மை. ஆயினும் ஒரே லயத்தில், முதற் காம்பராவில் மாரியம்மன் படமும் அடுத்ததில் மாதா படமும் தொங்குகையில், நாட்சம்பளத்துக்காகக் கைகோக்க வேண்டியவர்களை எந்தக் கொடி பிரிக்கும் என்று பார்க்கவேண்டாமா? இருபது இலட்சம் பேர் திரண்ட நாடுகளில் அது வேறாகலாம். நாமோ இத்தீவின் சிறுபான்மைக்குள் சிறுபான்மை. 1964 ஒக்டோபர் 30 ஆம் திகதி சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தப்படி 5,25,000 பேர் இந்தியாவுக்கும் 3,00,000 பேர் இங்கும் என்று தலையெண்ணிப் பிரிக்கப்பட்டபோது, யார் எந்தத் தெய்வத்தைக் கும்பிட்டார் என்று எவரும் கேட்கவில்லை.

சமயத்தை அரசியலுக்கு நம்மவர் கொண்டுவந்ததேயில்லை என்பதும் பொய். 1986 தைப்பொங்கலையடுத்து இலங்கைத் தொழிலாளர் காங்கிரஸ் பிரார்த்தனை இயக்கமொன்றை நடத்திற்று. நாடற்றவராய் இருந்தோரின் பிரஜாவுரிமையே கோரிக்கை. வேலைநிறுத்தம் என்று யாரும் சொல்லவில்லை. காலையிற் பெரட்டுக்குப் போகவேண்டிய ஜனங்கள் அவரவர் வழிபாட்டிடங்களிற் பிரார்த்தனை செய்துகொண்டிருந்தனர், அவ்வளவே. துரைமார் கைக்கடிகாரத்தைப் பார்த்தனர். செடியிற் கொழுந்து முற்றியது. எவருடைய உரிமையைப் பறிக்கவும் அந்தப் பிரார்த்தனையில் ஒரு சொல் இருக்கவில்லை. சில நாட்களில் அரசாங்கம் பேச இறங்கிற்று. அவ்வருடத்துச் சட்டம் 94,000 பேருக்குப் பிரஜாவுரிமை வழி திறந்தது. 1988 இன் சட்டமும் 2003 இன் சட்டமும் எஞ்சியதைத் தீர்த்தன.